மிச்சமாய் ஒரு ரூபாய்

கொடை என்ற சொல்லைத் தமிழ் விமர்சகன் எப்போதும் கொஞ்சம் கண் கலங்கித்தான் உச்சரிக்கிறான். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று இரண்டையும் சொல்லிவிட்டால் கைம்மாறு கருதாத ஒரு பழைய உலகம் நம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. முல்லைக்கும் மயிலுக்கும் பதில் மொய் எழுத வராது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. திருப்பித் தர முடியாத ஒன்றிடம் கொடுத்துத்தான் கொடையை நிரூபிக்க வேண்டியிருந்தது என்றால், மனிதர்களுக்குள் அது எப்படி நடந்துகொண்டிருந்தது என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நான் மொய் எழுதுகிறவன். வங்கிக் குமாஸ்தா என்பதால் எங்கள் உறவிலும் தெருவிலும் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மண்டபத்து வாசலில் மேஜையைப் போட்டு என்னை உட்கார்த்திவிடுகிறார்கள். கள்ள நோட்டு தெரியும், கையெழுத்து புரியும், எண்ணிக்கை தப்பாது என்பது அவர்கள் நம்பிக்கை. நான் ஆங்கில இலக்கியம் படித்ததோ, சிறுபத்திரிகைகளில் எழுதுவதோ அங்கே ஒரு தகுதி இல்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், அப்புறம் ஊர், பெயர், தொகை. வில்லியனூர், பாகூர், மங்கலம், அரியாங்குப்பம். தமிழில் நான் எழுதியவற்றில் மிக அதிகமாக, மிகக் கவனமாக, பல முறை வாசிக்கப்பட்டது இந்த நோட்டுகளில் எழுதியதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கம் நான் பார்க்கிறதை வங்கியில் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். முகூர்த்த நாளுக்கு முந்தின இரண்டு தினங்களில் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் புது நோட்டு கேட்பார்கள். ‘பத்து ரூபாய்க் கட்டு ஒண்ணு இருக்குமா சார்’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், ஏதோ சட்டவிரோதமான சமாசாரம் போல. கசங்கின நூறு ரூபாயும் சலவை நூறு ரூபாயும் ரிசர்வ் வங்கிக்கு ஒன்றுதான், மொய்க்கு ஒன்றல்ல. அப்புறம் அந்த ஒற்றை ரூபாய். 101, 501, 1001. மொய்க் கவர் விற்கிறவன் ஒரு ரூபாய் நாணயத்தை முகப்பிலேயே ஒட்டித் தந்துவிடுகிறான். சுழியில் முடியக் கூடாது, மேலே ஒன்று வளர வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இதை எழுத வைத்தது ஜப்பான். சில வருஷங்களுக்கு முன் ரூத் பெனடிக்ட் எழுதிய ‘செவ்வந்தியும் வாளும்’ புத்தகத்தைப் படித்தேன். 1946-ல் வந்தது. அந்த அம்மாள் ஜப்பானுக்குப் போகாமலே எழுதினார், யுத்த காலத்தில் போகவும் முடியாது. அதற்காக அவரை ஏசுகிறவர்கள் உண்டு. ஆனால் ‘கிரி’ என்ற சொல்லை அவர் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற இடங்களில் எனக்கு எங்கள் அம்மாவின் குரல் கேட்டது. கிரி என்றால் கடமை என்று பெயர்த்துவிடலாம், போதாது. பெற்றதற்கு ஈடாக, மனமில்லாவிட்டாலும், உலகத்தின் முகத்துக்காகச் செய்து தீர வேண்டியது. நம்மிடம் அதற்கு ‘செய்முறை’ என்று தெற்கே ஒரு சொல் இருக்கிறது. மதுரைப் பக்கத்தில் ‘அவனுக்குச் செய்முறை இருக்கு’ என்று சொல்கிறபோது அதில் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

அங்கேயும் கல்யாணத்துக்குப் புது நோட்டுதான். சினேகிதன் கல்யாணம் என்றால் வழக்கமாக 30,000 யென், பத்தாயிரத்தில் மூன்று தாள். இரட்டைப்படையில் வைத்தால் இரண்டாகப் பிரிந்துவிடும், அது தம்பதிக்கு ஆகாது. வந்தவர்கள் கையில் திரும்பக் கொடுத்தனுப்ப ஒரு பரிசும் உண்டு. நம் தாம்பூலப் பையின் ஒன்றுவிட்ட சகோதரன். சாவுக்கு வைக்கிற பணத்தில்தான் சூட்சுமம். அதற்குப் புது நோட்டு ஆகாது. புது நோட்டைத் தயாராக வைத்திருந்தால் சாவை எதிர்பார்த்திருந்ததாகிவிடும். ஆகவே பழைய நோட்டு. பழையது கிடைக்காதவர்கள் புது நோட்டை ஒரு மடிப்பு மடித்து வைப்பார்களாம். துக்கப் பணத்தில் சுமார் பாதி மதிப்புக்கு ஏதாவது பொருள் வாங்கித் திருப்பி அனுப்புவதும் வழக்கம். ஒரு மடிப்பில் இவ்வளவு அர்த்தம் வைக்கத் தெரிந்த ஜனங்களைப் பற்றி, அவர்கள் பதினேழு அசைக் கவிதை எழுதினார்கள் என்பது மட்டுமே நமக்குத் தெரியும்.

காதலையும் அவர்கள் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1936-ல் கோபே நகரத்து மொரோசோஃப் என்ற மிட்டாய்க் கம்பெனி, வெளிநாட்டவருக்கான ஆங்கிலப் பத்திரிகையில் பிப்ரவரி 14-க்குச் சாக்லேட் விளம்பரம் செய்தது. 1958-ல் தோக்கியோவில் ஒரு பெரிய கடையில் மேரி கம்பெனி அதே தேதிக்குச் சாக்லேட் விற்றுப் பார்த்தது, சீந்துவாரில்லை. பின்னால் பிடித்துக்கொண்டது, ஆனால் ஒரு திருப்பத்தோடு. அங்கே பெண்தான் ஆணுக்குக் கொடுக்கிறாள். கொஞ்ச காலத்தில் மனசுக்குப் பிடித்தவனுக்கு ஒரு சாக்லேட், ஆபீசில் உடன் வேலை செய்கிற அத்தனை ஆண்களுக்கும் ஆளுக்கு ஒரு ‘கிரி சாக்லேட்’ என்று ஆகிவிட்டது. மிட்டாய்க்காரர்கள் விடுவார்களா? 1980-லிருந்து மார்ச் 14 ஆண்கள் திருப்பித் தரும் நாள், வெள்ளை நாள். வாங்கியதைப் போல மூன்று பங்கு தருவதுதான் மரியாதை என்றும் ஒரு பேச்சு உண்டாயிற்று. 2018 பிப்ரவரியில் கோடைவா என்ற சாக்லேட் கம்பெனியே நிஹோன் கெய்சாய் என்ற பொருளாதார நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் போட்டு, இந்தக் கடமைச் சாக்லேட்டை நிறுத்துவோம் என்று கேட்டுக்கொண்டது. விற்கிறவனே வேண்டாமென்று சொல்ல வேண்டிய அளவுக்குப் பெண்களுக்கு அது பாரமாகியிருந்தது.

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையிலும் பிப்ரவரி 14 வருகிறது. மிஷன் வீதியில் சாக்லேட்டுக்கென்றே கடை இருக்கிறது. ஆனால் இங்கே அது இன்னும் மொய்யாகவில்லை. யார் வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று எழுத நோட்டு இல்லை. அந்த மட்டில் பாக்கியசாலிகள்.

ஜப்பானியக் காதலுக்குச் சாக்லேட்டுக்கு முன்னால் வேறு நாணயம் இருந்தது. ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய ஹெயான் காலத்து அரண்மனையில், இரவைக் கழித்துவிட்டுப் போன ஆண் மறுநாள் காலையில் ஒரு கவிதை அனுப்பியாக வேண்டும். எந்தக் காகிதம், எந்த மரக்கிளையில் கட்டி அனுப்புவது, எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதெல்லாம் பார்க்கப்படும். பதில் கவிதை உடனே போக வேண்டும். கெஞ்சி மோனோகத்தாரி நாவல் முழுக்க இப்படித்தான் கவிதை பண்டமாற்றாக நடமாடுகிறது. பின்னால் வந்த தொடர்கவிதையிலும் முதல் கண்ணியை விருந்தாளி சொல்லுவான். அது வீட்டுக்காரனுக்கு அவன் வைக்கும் மொய். இரண்டாவது கண்ணி வீட்டுக்காரனின் பதில். அந்த முதல் கண்ணியைத் தனியே கத்தரித்து எடுத்ததுதான் ஐக்கூ. 1890-களில் ஷிகி அதைத் தனிக் கவிதையாக நிலைநாட்டினார். நாம் அதைத்தான் வாங்கிக்கொண்டோம். தமிழில் ஐக்கூ என்று வந்து குவிந்தவற்றில் யாரையும் நோக்கி நீளாத கை ஒன்று அந்தரத்தில் நிற்பது போன்ற உணர்வு எனக்கு ஏற்படுவதற்கு இது காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றை.

நிற்க. நம்மிடமும் காதல் பரிசுக்கு இலக்கணம் இருந்தது. தலைவன் பூவோ தழையாடையோ கொண்டுவந்து தோழியிடம் நீட்டுவது கையுறை. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு டாக்டர் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை என்று அர்த்தமாகிவிட்டது, பொருத்தம்தான். தோழி அதை வாங்க மறுப்பது ஒரு தனித் துறை. குறுந்தொகையின் முதல் பாட்டே அந்த மறுப்புத்தான். நீ கொண்டுவந்த செங்காந்தள் எங்கள் மலையில் நிறையக் கிடக்கிறது என்கிற மாதிரி முருகனுடைய குன்றைச் சொல்லி விட்டுவிடுகிறாள். இதைக் குறிப்பு, நாணம், நாகரிகம் என்றெல்லாம் விளக்கி எழுதியிருக்கிறார்கள். என் வாசிப்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவனின் வாசிப்பு. வாங்கிவிட்டால் நோட்டில் ஏறிவிடும். தழை வாடிப் போகும், கணக்கு வாடாது. தோழி அதை அறிந்தவள்.

அப்பா இறந்தபோது என் கைக்கு வந்தவை மூன்று நீள நோட்டுகள். 1985-ல் அவர் கல்யாணம், என் காதுகுத்து, 2011-ல் அக்கா கல்யாணம். எழுத்து மங்கின இடங்களை அம்மா மனப்பாடமாகச் சொல்லுவாள். முதல் நோட்டில் ஒரு பதிவு: ‘பிரான்சு சித்தப்பா, 200 பிராங்கு’. சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1954 நவம்பரில் ஊர் கைமாறி, 1962-ல் காகிதத்திலும் கைமாறிய பிறகும் அவர் வீட்டுக் காலண்டரில் ஜூலை 14 சிவப்பு எழுத்தில்தான் இருந்தது. அவருடைய பேரனுக்குக் கல்யாணம் வந்தபோது அம்மா கேட்டாள்:

‘ஏண்டா, அந்த எரநூறு இப்ப இன்னா ஆவும்?’

பிராங்கு 2002-லேயே செத்துவிட்டது. ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்கு என்பது நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்ட மாற்று விகிதம். கணக்குப் போட்டேன்: முப்பது யூரோ, நாற்பத்தொன்பது சென்ட். அன்றைய விலைக்குச் சுமார் 2,700 ரூபாய். 1985-ல் அது முந்நூறு ரூபாய்கூடத் தேறியிராது. அம்மா யோசித்தாள். அவர் காட்டியது மதிப்பா, காகிதமா என்ற கேள்வி அவளுக்குப் பொருட்டாகவே படவில்லை. ‘மூவாயிரத்து ஒண்ணு எழுதிடு. நாம கொறச்சோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது’ என்றாள். தங்க விலையையோ வட்டியையோ கொண்டு நான் இந்தக் கணக்கைச் செய்திருந்தால் வேறு வேறு தொகைகள் வந்திருக்கும். அவள் தொகைக்கு எதுவும் ஆதாரம் இல்லை, ஆனால் மண்டபத்தில் ஒருவரும் அதை மறுக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இது கவிதை விஷயமாக இருந்தால் நாலு வரி எழுதலாம். எங்கள் வீட்டில் இது வரவு செலவு விஷயம். ஒரு முகூர்த்த நாளில் நாலு மண்டபம் ஏறி இறங்குகிறேன். வைப்பது ஒரு வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. ‘வெச்சதெல்லாம் எப்படிடா திரும்பும்?’ என்று அம்மா கேட்பதில் பேராசை இல்லை. திரும்பி வராத பணம் அவளுக்கு அறுந்துபோன உறவு. என் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவளால் இந்தப் பாஷையில்தான் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் மொய் விருந்து. பல பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சமைத்து, செலவைப் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஒரு குடும்பத்துக்குச் சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை முறை வரும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வந்த பணத்தில் கிணறு தோண்டலாம், மகளைக் கட்டிக் கொடுக்கலாம், பையனை வெளிநாடு அனுப்பலாம். வைத்தவனின் முறை வரும்போது பழைய மொய்யைத் தீர்த்து, மேலே புது மொய் வைக்க வேண்டும். தீர்த்தது மட்டும் போட்டு மேலே எதுவும் வைக்காவிட்டால் அந்த உறவை முடித்துக்கொள்கிறான் என்று பொருள். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. அதற்கப்புறம் பந்தலில் வசூல் படுத்துவிட்டது. கடன் வசூல் என்று வங்கியில் நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்தவனுக்கு, இப்படியொரு ஏற்பாடு கோர்ட்டு வாசலை மிதிக்காமல் நடந்துகொண்டிருப்பது ஆச்சரியம்தான். அதே சமயம், முறை தவறினவன் அந்த ஊரில் எப்படி நடமாடுவான் என்பதையும் யோசிக்கிறேன். ஜப்தி நோட்டீஸ் ஒரு தடவைதான் வரும்.

மார்ஸெல் மோஸ் 1925-ல் எழுதியதை இங்கே சொல்லாமல் விட முடியாது. கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், திருப்ப வேண்டும். மூன்றுமே கட்டாயம் என்றார். பாலினீசியா, வடமேற்கு அமெரிக்கா என்று சுற்றிவிட்டு மகாபாரதத்து அனுசாசன பர்வத்துக்கும் வருகிறார். ‘கிஃப்ட்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு விஷம் என்று அர்த்தம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டுவது எல்லோருக்கும் பிடித்த இடம். எனக்கு நம் சொல் போதும். ‘வரிசை’ என்றால் சீர். வரிசை என்றால் அந்தஸ்து. வரிசை என்றால் கியூ. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மோஸைப் படிக்கிறவன் ஆனந்தரங்கப் பிள்ளையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய கடைக்குப் பக்கத்தில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. 1736-லிருந்து 1761 ஜனவரியில் சாகிற வரை, ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு வரை, குறிப்பெழுதினார். துய்ப்ளேக்சுக்கு யார் எத்தனை வராகன் நஜர் வைத்தார்கள், யாருக்குச் சகலாத்து கிடைத்தது, யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், துய்ப்ளேக்சின் மனைவி யாரிடம் என்ன பிடுங்கினாள் என்று ஒன்று விடாமல். தமிழின் முதல் நவீன உரைநடை என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அது முதலில் ஒரு மொய் நோட்டு. அந்த உரைநடையின் துல்லியம் அந்தப் பதற்றத்திலிருந்து வந்தது.

வங்கியில் என்னோடு ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பிறந்தநாளுக்கு ஒரு கவிதைத் தொகுதி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் என் கவுன்ட்டரில் ஒரு பேனா. ‘சும்மா வாங்கிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க சார்’ என்றாள். புத்தகத்தின் விலையும் பேனாவின் விலையும் ஏறக்குறைய ஒன்று. பிறகு இன்னொரு புத்தகம், இன்னொரு பொருள். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் சரிக்குச் சரி கட்டிவிடுவாள். 2016 நவம்பர் 8-க்குப் பிறகு 500-ம் 1000-மும் செல்லாமல் போய், கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டின ரசீதும் கொண்டுவந்து இரண்டரை லட்சத்துக்கு மன்றாடிய வாரங்களில், இருவரும் அடுத்தடுத்த கவுன்ட்டரில் இருந்தோம். காசில்லாமல் மொய் எப்படி நடக்கும் என்று பேசிச் சிரித்தோம். அடுத்த வைகாசியில் அவளுக்கு வில்லியனூரில் கல்யாணம். மொய் எழுத ஆள் வேண்டும் என்றபோது வழக்கம் போல என்னைத்தான் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். முப்பத்தேழாவது பெயராக என் பெயரை என் கையாலேயே எழுதினேன்: 1001.

2022-ல் ஊழியர் கடனில் ரெட்டியார்பாளையத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கினேன். கிரகப்பிரவேசத்தைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். கல்யாணம்தான் இல்லை, இதிலாவது கொஞ்சம் திரும்பட்டும் என்று. அவள் புருஷனோடும் குழந்தையோடும் வந்தாள். சாப்பிட்டாள். அலமாரியில் புத்தகங்களைப் பார்த்தாள். போகிறபோது கவர் வைத்தாள். இரவு அம்மா நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பெயர் வந்ததும், ‘நீ எவ்ளோ வெச்சே?’ என்றாள். சொன்னேன். ‘அவங்களும் ஆயிரத்து ஒண்ணுதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அந்தக் கணக்கு தீந்துது’ என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

ஐந்து வருஷம். அவளுடைய அம்மா நோட்டைப் பார்த்து இவ்வளவு என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை அப்படியே போட்டிருக்கலாம். இப்போதெல்லாம் யார் இவ்வளவு பார்க்கிறார்கள்? மதுரையில் 2021-லேயே கல்யாணப் பத்திரிகையில் கியூஆர் கட்டம் அச்சடித்து, மொய்யைச் செல்போனில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பிரதிக்கு எத்தனை வாசிப்பும் உண்டு என்று மேடையில் பேசுகிற நான், அந்த ஒரு வரிக்கு அம்மாவின் வாசிப்பைத் தவிர இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு நாள் இருந்தேன்.

இது ஒருபுறமிருக்க, நம் பத்திரிகைகளுக்கு வருகிறேன். என் மேஜையில் இப்போது ஆறு கவிதைத் தொகுதிகள் கிடக்கின்றன. ஆறிலும் ‘அன்புடன்’, கையெழுத்து, தேதி. ஒன்றில் ‘உங்கள் மேலான கருத்துக்கு’. இவை கிரி சாக்லேட். இதில் மூவர் என் கட்டுரைத் தொகுப்பைப் பற்றி எழுதியவர்கள். இரண்டு பேர் எழுதப்போகிறவர்கள். ‘குறிப்பிடத்தக்க தொகுப்பு’, ‘நம்பிக்கை தரும் குரல்’ என்று நாம் எழுதுகிற வாக்கியங்கள் 101, 201 மாதிரி. யாரும் அவற்றை வாசிப்பதில்லை, தொகையைத்தான் பார்க்கிறார்கள். போன வருஷம் ஒரு நண்பரின் புத்தகத்தைப் பற்றி நான் எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஏழு மாதமாக அவர் பேசுவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கணக்கு சரி. என் பதினான்கு பக்கங்களைப் பற்றி அவர் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அதியமானிடம் போகிறார். அவன் நேரில் பார்க்காமல் பரிசிலை வெளியே கொடுத்தனுப்புகிறான். வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார். பார்த்து, தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும், காணாமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல என்பது அவர் கட்சி. இதைப் புலவனின் தன்மானம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர் கேட்டது அதைவிடச் சாதாரணமானது: என்னைப் பார். வாசிக்காமல் எழுதப்படும் மதிப்புரை அதியமான் கொடுத்தனுப்பிய அந்தப் பொருள்தான். அதைத் திருப்பி அனுப்பின ஒரு கவிஞனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்த ஆறையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினவர்களுக்குத் தனித்தனியே கார்டு போட்டு, புத்தகத்தின் விலையை அனுப்பி வைக்கிறேன். சரிக்குச் சரி, ஒரு ரூபாய் கூடக் கிடையாது. அடுத்த இதழில் நான் எழுத இருப்பது ஏழாவது புத்தகத்தைப் பற்றி. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதியது, முதல் தொகுதி. அவனை எனக்குத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது. நேரு வீதியில் நின்றுகொண்டே பாதி படித்துவிட்டு 120 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இருபத்திரண்டாம் பக்கத்துக் கவிதையில் கடைசி நான்கு வரியும் வேண்டாதவை.